ஷிப்ட் போட்டுத் தூங்கும் கிழங்குகள்

கார்த்திகை பிறந்துவிட்டால் எனக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். ஊரே பெட்டியைக் கிளறி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் தேடிக்கொண்டிருக்கும்; நான் களைக்கொத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். தோட்டம் போடுகிற மற்றவர்களுக்குப் பூ வந்தால் கொண்டாட்டம், எனக்கு இலை பழுத்தால் கொண்டாட்டம்! சம்பங்கி இலையின் நுனியில் மஞ்சள் ஏறி, அது மெதுவாகக் கீழே இறங்கி, ஒருநாள் காலையில் பார்த்தால் பாத்தி முழுக்க வெளிறிச் சாய்ந்து கிடக்குமே, அதைக் கண்டதும் வீட்டுக்குள் ஓடிப்போய் "தூங்கிடுச்சு, தூங்கிடுச்சு!" என்று கத்துகிற ஆள் நான். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பாமலே, "சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கப் போகுது" என்பாள். கிண்டல்தான். கிண்டல் செய்துவிட்டுப் போகட்டும்.

ரஞ்சன்காவ் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். புனேயிலிருந்து அகில்யாநகர் போகிற நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். அஷ்டவிநாயக யாத்திரை வந்தவர்கள் வாசலில் அறுகம்புல் கட்டும் செம்பருத்தியும் வாங்கிக்கொண்டு மஹாகணபதியைக் கும்பிட்டிருப்பீர்கள். கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் போனால் எம்ஐடிசி தொழிற்பேட்டை. என்னைப் போல் பிழைக்க வந்து ஒட்டிக்கொண்ட தமிழர்கள் இங்கே உண்டு. ஊர்க்காரர்களுக்கு நாங்கள் எல்லோருமே 'அண்ணா'. நான் சத்தியமங்கலத்துக்காரன். சம்பங்கிக் காட்டு வரப்பிலே நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். அங்கே விடியும் முன்னே மொட்டைப் பறித்துக் கூடையில் போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும், ஆனால் வருஷம் முழுக்கப் பூ இருக்கும். அந்தச் செடி போர்த்திக்கொண்டு தூங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இங்கே வந்துதான் பார்த்தேன். இந்தத் தக்காணத்துக் குளிர் இருக்கிறதே, பகலில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்ததும் தரையிலிருந்து கிளம்பி வரும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது இங்கே சர்வசாதாரணம். புனே நகரத்திலேயே 1935 ஜனவரியில் 1.7 டிகிரி வரை போயிருக்கிறது. மெக்சிகோவில் பிறந்து, வெதுவெதுப்பான மண்ணுக்குப் பழகிய சம்பங்கி அதைத் தாங்குமா? தாங்காது. ஆனால் செத்துப்போகவும் செய்யாது. இலையில் இருந்த சத்தையெல்லாம் கீழே இழுத்துக்கொண்டு, கிழங்குக்குள் சுருண்டு, கதவைச் சாத்திக்கொள்ளும்!

அந்தக் கதவைச் சாத்த நாம் செய்ய வேண்டியது என்ன தெரியுமா? ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். தண்ணீரை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அதுதான் கஷ்டம். வாடுகிற செடியைப் பார்த்தால் யாருக்கும் குடத்தைத் தூக்கத்தான் தோன்றும். என் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆஜி, அதாவது மராத்திப் பாட்டி, இருக்கிறார், வெங்காயம் போட்டே வாழ்நாளைக் கழித்தவர். நான் குழாயைப் பிடித்துக்கொண்டு தயங்கி நிற்பதை வேலி ஓரமாகப் பார்த்துவிட்டு, "ஜோப்லேத் தே! உட்டவூ நகோஸ்" என்றார். தூங்குகிறார்கள், எழுப்பிவிடாதே என்று. அவ்வளவு பெரிய வேளாண்மைப் பாடத்தை அவ்வளவு சின்ன வாக்கியத்தில் யாரும் எனக்குச் சொன்னதில்லை! குளிர்ந்த மண்ணில் ஈரமும் சேர்ந்தால் கிழங்கு அழுகும். காய்ந்த மண்ணில் குளிர் மட்டும் இருந்தால் அது பாட்டுக்குக் கிடக்கும். கிழங்கைக் கொல்வது பெரும்பாலும் குளிர் இல்லை, நம் கருணைதான்.

இலை பச்சையாக இருக்கிறவரை கத்தரிக்கோலைக் காட்டக்கூடாது. பாத்தி பார்க்க அசிங்கமாக இருக்கும், விருந்தாளி முகம் சுளிப்பார், இருக்கட்டும். முழுக்கப் பழுத்த பிறகு ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து, கரிசல் மண் பொரபொரவென்று உதிர்கிற பதத்தில், செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொத்தி, கைப்பிடி மண்ணோடு அப்படியே நெம்பித் தூக்க வேண்டும். அந்த நொடி, அடடா, அந்த நொடி! போன வருஷம் ஒற்றைக் கிழங்காக ஊன்றினது இப்போது ஒரு கூட்டுக் குடும்பமாக வெளியே வரும். நடுவில் பூத்து ஓய்ந்துபோன தாய்க் கிழங்கு. அது இனிமேல் பூக்காது, ஒரு கிழங்குக்கு ஒரே ஒரு பூத்தண்டுதான் விதி. அதைச் சுற்றி இடுப்பிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டு பிள்ளைக் கிழங்குகள், பெரிசும் பொடிசுமாக. மண்ணை உதறி, ஒவ்வொன்றாகப் பிரித்து, முற்றத்தில் சாக்கு விரித்துப் பரப்பிவைத்து, நான் பாட்டுக்குத் தரம் பிரிக்க உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு, டிவி, போன் எதுவும் காதில் விழாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் குறுக்களவு இருந்தால் வரும் பருவத்திலேயே பூக்கும். அதற்குச் சின்னது என்றால் இன்னும் ஒரு வருஷம் தின்று கொழுக்கட்டும் என்று தனிப் பாத்தி. எனக்கு இதில் ஒரு சின்னப் பைத்தியக்காரத்தனம் உண்டு: கொழுத்த கிழங்காகக் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்து, அதனிடம், "நீதாண்டா கணபதிக்கு" என்று சொல்லிவைப்பேன். சொல்லியும் இருக்கிறேன், பக்கத்தில் தபால்காரர் நின்றதைக் கவனிக்காமல்.

நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, வலைப்பையில் போட்டாயிற்று. எங்கே தொங்கவிடுவது? இங்கேதான் இந்த வட்டாரம் எனக்கென்றே ஒரு மாளிகையைக் கட்டிவைத்திருக்கிறது: காந்தா சாள்! வெங்காயப் பட்டறை. தரையிலிருந்து தூக்கிக் கட்டிய தளம், இடைவெளி விட்டு அடித்த சட்டங்கள், மேலே தகரமோ ஓடோ. கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் காற்று ஓடிக்கொண்டே இருக்கும், வெயிலும் மழையும் உள்ளே வராது. எங்கள் ஷிரூர் தாலுகாவில் எந்தப் பாதையில் போனாலும் கண்ணில் படும். கோடை வெங்காயம் பங்குனி சித்திரையில்தான் உள்ளே வரும். ஆக, நடுக்குளிர் காலத்தில் பட்டறை காலி. அதே காலத்தில்தான் என் சம்பங்கிக்கு இடம் வேண்டும். இதைவிடப் பொருத்தம் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆஜியின் பட்டறையில் ஒரு மூலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஒவ்வொரு பையையும் தடவிப் பார்ப்பேன்; மெத்தென்று ஏதாவது அகப்பட்டால் எடுத்து வீசுவேன், மீதியைப் பார்த்துப் பல்லை இளித்துக்கொண்டு நிற்பேன். சில கிழங்கு போகத்தான் செய்யும். அதைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு இஷ்டமில்லை.

இந்தப் பாடு நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். கனடாவில் ஸ்கார்பரோ பக்கம் இருக்கிற நம்மவர்கள் படுகிற பாட்டைக் கேட்டால் என்னுடையது விளையாட்டு. அங்கே மண்ணே இறுகி உறைந்துவிடும். உள்ளே இருக்கிற கிழங்கு கூழாகிப்போகும். அதனால் முதல் உறைபனியில் டாலியா இலை கறுத்ததும் தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி, காயவைத்து, மரத்தூளிலோ பீட் பாசியிலோ புதைத்து, நிலவறையில் 4 முதல் 10 டிகிரிக்குள் வைத்துக் காக்கிறார்கள், வசந்தம் வரைக்கும். நம் ஊட்டியிலும் உறைபனிக் காலம் வந்தால் தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்கு மிலாறு போர்த்தி மூடுவார்கள், பார்த்திருப்பீர்கள். நான் ஒருமுறை அந்த மிலாறுக் குடிசைகளுக்கு முன்னால் நின்று, உள்ளே யார் தூங்குகிறார்கள் என்று குனிந்து பார்க்கப்போய், காவலாளியிடம் அதட்டு வாங்கினேன். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் புல்வெளியில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், அவர்களுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியவில்லை!

இப்போது உண்மையான கூத்துக்கு வருகிறேன். என் தோட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் தூங்குவதில்லை. தொழிற்பேட்டை மாதிரியேதான், ஷிப்ட்! சம்பங்கி, ஃபுட்பால் லில்லி, செங்காந்தள் எல்லாம் குளிர்கால ஷிப்டில் படுக்கிறார்கள். அவர்கள் படுக்கிற நேரத்தில் கிளாடியோலஸும் டாலியாவும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலைக்கு வருகிறார்கள். புரட்டாசியில் கிளாடியோலஸ் ஊன்றினால் நம் குளிர் அதற்குத் தேன்; மார்கழி, தை மாதங்களில் வாள் உயரத்துக்குத் தண்டு விட்டுக் கீழிருந்து மேலாகப் பூத்துக்கொண்டே போகும். ஜனவரியில் புனே எம்ப்ரஸ் தோட்டத்து மலர்க்காட்சிக்குப் போனீர்கள் என்றால் டாலியா தட்டு தட்டாக உட்கார்ந்திருக்கும். நான் அங்கே போனால் வாயைப் பிளந்தபடி நகர மறுக்கிறேன் என்று வீட்டில் யாரும் கூட வருவதில்லை. சரி, வெயில் ஏறியதும் இவர்களுடைய தூக்க முறை. டாலியாவுக்குச் சிக்கல் இல்லை, காய்ந்த மணல் நிரப்பிய தொட்டி, வீட்டிலேயே குளுமையான மூலை, முடிந்தது. கிளாடியோலஸ் அப்படி இல்லை. அதற்குத் தூக்கம் கலைய வேண்டும் என்றாலே குளிர் வேண்டும், நாலைந்து டிகிரியில் மூன்று மாதம்போலப் படுக்கவைத்தால்தான் அடுத்த முறை ஒன்றுபோல முளைக்கும். சித்திரை வெயிலில் ரஞ்சன்காவில் நாலைந்து டிகிரிக்கு எங்கே போவது?

எங்கே போவதா! நாட்டுக்கே ஃப்ரிட்ஜ் செய்கிற ஊர் ஐயா இது! வேர்ல்பூலும் எல்ஜியும் இந்தத் தொழிற்பேட்டையிலிருந்துதான் ஃப்ரிட்ஜ் செய்து அனுப்புகின்றன. பெட்டி பெட்டியாக லாரியில் நெடுஞ்சாலையில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றின் காய்கறித் தட்டும் கிளாடியோலஸ் கிழங்காகத் தெரியும். எங்கள் வீட்டுத் தட்டில் கொத்தமல்லிக்கும் கறிவேப்பிலைக்கும் இடம் போனது போனதுதான். காகிதப் பையில், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்டு, மேலே கொட்டை எழுத்தில் 'சமைக்காதே' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாமியார் வந்தால் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. இதே தட்டில் சம்பங்கியை வைக்கலாமா என்று கேட்காதீர்கள், கூடவே கூடாது, அந்தக் குளிர் அதற்கு ஆகாது. அது வெங்காயப் பட்டறைக் குடிமகள். இது ஃப்ரிட்ஜ் குடிமகன்.

கிளாடியோலஸைத் தோண்டி எடுக்கும்போது ஒரு விஷயம் பாருங்கள், சொன்னால் நம்பமாட்டீர்கள். நாம் ஊன்றிய கிழங்கு வற்றித் தட்டையாகி ஒட்டிப்போயிருக்கும்; அதன் தலைமேலேயே புத்தம்புதுக் கிழங்கு ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கும்! பழசைக் கட்டைவிரலால் நெம்பினால் 'டிக்' என்று கழன்று வரும். அந்த 'டிக்'குக்காகவே வரிசை முழுக்க நான் ஒருத்தனே தோண்டுவேன், யாரையும் கிட்டே விடமாட்டேன். பிள்ளைகள் கேட்டால் ஒன்றிரண்டு கொடுப்பேன், மனசே இல்லாமல்.

ஆனால் இதெல்லாம் முன்னுரை. வைகாசி வரட்டும்.

கொஞ்சம் இப்படி வந்து என் பக்கத்தில் நில்லுங்கள். மே மாதக் கடைசி. மதியம் 40 டிகிரி. புல் சருகாகி, கரிசல் வெடித்து, கை நுழைகிற அளவுக்குப் பிளந்து கிடக்கிறது. ஃபுட்பால் லில்லி புதைத்த தொட்டியில் ஐப்பசியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, ஓர் இலை கிடையாது, வெறும் மண். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் "காலித் தொட்டியை ஏன் வைத்திருக்கிறாய்" என்று கேட்டுவிட்டுப் போயாயிற்று. நாலு மணிக்குக் காற்று சட்டென்று நிற்கும். கிழக்கே ஒரு கருப்பு. ஆஜி காயப்போட்ட மிளகாயை வாரிக்கொண்டு ஓடுவார். தூசி சுழன்று, தகரம் தடதடத்து, ஒரு மின்னல், இன்னொரு மின்னல், அப்புறம் சடசடவென்று வளீவ் மழை, இந்த ஊரின் கோடை இடிமழை, அடித்துக் கொட்டும்! நான் குடை எடுப்பதில்லை. தொட்டிகளுக்கு நடுவில் நனைந்துகொண்டு நிற்பேன், மண் வாசனை மூக்கில் ஏறி மண்டைக்குள் போய் உட்காரும், ஷிப்டுக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து குரல் வரும், காதில் வாங்கமாட்டேன். அப்புறம் ஒவ்வொரு விடியலிலும் பல்கூட விளக்காமல் போய்த் தரையோடு தரையாகக் குனிந்து பார்ப்பது. இன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. ஒருநாள் மண் லேசாக மேடு கட்டியிருக்கும், உள்ளே புள்ளி புள்ளியாக ஒரு மூக்கு! இலை இல்லை, ஒன்றுமில்லை, நேராகத் தண்டுதான். விறுவிறுவென்று ஏறி, தலையில் ஒரு பை வெடித்து, நூற்றுக்கணக்கான குட்டிப் பூ ஒரே நேரத்தில் நாலாபக்கமும் விரிந்து, செக்கச்செவேல் என்று ஒரு பந்து, என் இரண்டு கை சேர்த்தாலும் அடங்காத பந்து, நேற்றுவரை காலி என்று சொன்ன தொட்டியில்! ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு கிழங்கு, ஷிரூர் தாலுகாவில் மழை வந்தது என்று மண்ணுக்குள் இருந்தபடியே எப்படித் தெரிந்துகொண்டது சொல்லுங்கள்! நான் தெருவில் போகிற வருகிறவரையெல்லாம் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுவேன், பால்காரர் தப்பித்ததில்லை, கூரியர் பையன் தப்பித்ததில்லை, வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் வாடகையை மறந்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பூ ஒரு வாரம், பத்து நாள்தான் நிற்கும், உண்மைதான். அதனால் என்ன!

இதே அதிசயத்தைச் சஹ்யாத்ரி மலை மொத்தமாகவே செய்கிறது. சாத்தாரா பக்கத்துக் காஸ் பீடபூமி, 2012இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் ஒன்று. கோடையில் வெறும் பாறையாகக் கிடக்கும், பாறைமேல் விரல்கடை மண். அந்த மண்ணுக்குள்ளே தீப்காடியும் காட்டு மஞ்சளும் இன்னும் என்னென்னவோ மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும், மழை தொட்டதும் வரிசையாக எழுந்து வரும். நம் மாநில மலர் செங்காந்தளும் அந்த ஜாதிதான். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் கட்டி விதைக்காகப் பயிர் செய்கிறார்களே, அதே கிழங்கு. என்னிடமும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கடும் விஷம்; பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பரண்மேல் தனிப் பெட்டியில் தூங்குகிறது.

சம்பங்கிக்குத் திரும்புகிறேன், என்னால் ரொம்ப நேரம் பிரிந்திருக்க முடியாது. மராத்தி வருஷப் பிறப்பான குடி பாடவா முடிந்ததும் பட்டறையிலிருந்து இறக்கி ஊன்றினால், மூன்று நாலு மாதத்தில் தண்டு கிளம்பும். ராகுரி மஹாத்மா பூலே வேளாண் பல்கலைக்கழகத்தின் பூலே ரஜனியும் வைத்திருக்கிறேன், பெங்களூர் ஹெசரகட்டாவில் உருவாக்கிய பிரஜ்வலும் வைத்திருக்கிறேன்; பிரஜ்வல் மொட்டில் லேசாக ஒரு ரோஜாச் சாயல் ஓடும், விரிந்தால் சுத்த வெள்ளை. ஆவணி ராத்திரி. மழை விட்டு ஈரக்காற்று. இரண்டாவது ஷிப்ட் முடிந்து வண்டியைத் தெருமுனையில் திருப்பும்போதே, வீடு இன்னும் கண்ணில் படவே இல்லை, மணம் வந்து முகத்தில் மோதும்! ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே வருவேன், பெட்ரோல் வாசனை அதோடு கலந்துவிடக் கூடாதே! பாத்தியருகே வந்து டார்ச் அடித்தால், கீழ்ப் பூ விரிந்தாயிற்று, நடுப் பூ விரிகிறது, நுனியில் இன்னும் பச்சை மொட்டு, பெரிய அந்துப்பூச்சி ஒன்று அந்தரத்தில் நின்றபடி குழலுக்குள் மூக்கை நீட்டுகிறது. ராத்திரிதான் இதற்கு மணம் கூடும், இந்தப் பூச்சிகளை அழைக்கத்தான். மார்கழியில் வற்றின தோலோடு சாம்பல் பூசிக்கொண்டு வலைப்பையில் தொங்கினது இதுதான், ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரி, என் உள்ளங்கையில் எடை போட்டது, நான் பேசினது, தபால்காரர் கேட்டது, அது இப்போது என் இடுப்பு உயரத்துக்கு நின்று தெருவையே வாசனையில் முக்கிக்கொண்டிருக்கிறது! எனக்குத் தொண்டை அடைக்கும், சிரிப்பும் வரும், நள்ளிரவில் ஒரு நடுவயது ஆள் பாத்தியில் உட்கார்ந்து தானாகச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துத் தெருநாய் குரைக்கும்.

கணேஷோத்சவ நேரத்தில் புனே குல்டேக்டி பூ மார்க்கெட்டில் இதற்கு மவுசைப் பார்க்க வேண்டும். அங்கே குல்சடி என்று உதிரியாகக் கிலோ கணக்கிலும் போகும், காம்போடு கட்டாகவும் போகும். சதுர்த்திக்கு முன்னால் விலை எகிறும். நான் விற்பதில்லை. முதல் தண்டு மஹாகணபதிக்கு, அடுத்தது ஆஜிக்கு, மீதி என் மூக்குக்கு.

நம்பாதவர்கள் மாசிக் கடைசியில் ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள், பாத்தியில் ஊன்றுவதற்கு முன்னால். கோயிலில் கும்பிட்டுவிட்டு யாரிடமாவது "கிழங்குக்கார அண்ணா வீடு" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். சாக்குப்பை மறக்காமல் கொண்டுவாருங்கள், சம்பங்கிப் பிள்ளைக் கிழங்கு அள்ளிக்கொண்டு போகலாம். கிளாடியோலஸ் மட்டும் கேட்காதீர்கள். புரட்டாசி வரைக்கும் அந்தத் தட்டைத் திறக்க யாருக்கும் அனுமதி இல்லை.